ஏழுமலை நிறுத்தாத மாத்திரை

அன்று காலை ஆண்கள் வார்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர் கமலவேணி, நர்ஸ் பிலோமினா, மூன்றாம் கட்டிலில் ஏழுமலை, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முனியம்மா, வாசல் ஓரம் கையில் சோதனைக் குழாயோடு நான். இல்லாதவர் கம்பவுண்டர் கோதண்டம். மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் திருக்கோவிலூர் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் டாக்டர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அவரிடமிருந்து வந்திருக்கலாம். அவர் இல்லாததால் பதில் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ஏழுமலை ஒருவர், நான் ஒருவன்.

"சர்க்கரைக்கு மாத்திரை ஏதாவது இப்ப சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லீங்கம்மா. அது தீந்துபோயி ஒரு மாசம் ஆவுதுங்க."

அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் நின்றேன்.

ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து, ஆய்வக நுட்புநராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது பெரிய ஆய்வகங்களில் ஒரு சொட்டு ரத்தத்தை இயந்திரத்துக்குள் வைத்தால் ஈரல் சம்பந்தப்பட்ட எல்லா எண்களும் தாளில் அச்சாகி வெளியே வருகின்றன. அண்மையில் ஒரு பிரிவுபசாரக் கூட்டத்தில் ஓர் இளம்பெண், "மிஷினே இல்லாம காமாலை எந்த வகைன்னு எப்படி சார் சொன்னீங்க?" என்று கேட்டார். நிறத்தைப் பார்த்துச் சொன்னோம் என்றேன். அது பாதிப் பதில். மீதியை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எழுபதுகளின் பிற்பகுதி. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் ஓர் அரசு மருத்துவமனை. ஊர்ப்பெயர் வேண்டாம். என் அப்பாவும் அம்மாவும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவதுக்கு மேல் ஒரு வருஷம் சென்னையில் பயிற்சி. அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடி கழுவினேன், கறை பட்ட விரலோடு சோறு தின்றேன், தேறினேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் அம்மா ஆய்வகத்தைப் பார்க்க வந்தாள். ஸ்பிரிட் விளக்கையும் அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்த குழாயையும் பார்த்துவிட்டு, "மூத்தரம் காய்ச்சறதுக்காடா இவ்ளோ படிச்சே?" என்றாள். சம்பளத்தைச் சொன்னதும், "அப்ப நல்லாக் காய்ச்சு" என்றாள்.

நல்லாத்தான் காய்ச்சினேன். சர்க்கரை நோயாளிகளுக்கு அப்போது அன்றாடம் செய்தது பெனடிக்ட் சோதனை. நீல நிறக் கரைசல் ஐந்து மில்லி எடுத்துக் கொதிக்கவைத்து, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, மறுபடி இரண்டு நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறும். மிக அதிகமென்றால் செங்கல் நிறம்.

டாக்டர் கமலவேணி அந்த வருஷம் தை மாதம் மாற்றலாகி வந்தார். முதல் நாள் முடிவுகளை எழுதிய சீட்டுகளை அவர் மேசையில் வைத்தேன். தொடவில்லை. "சீட்டு அப்புறம். குழாயைக் கொண்டா" என்றார். அன்றிலிருந்து மரத்தாங்கியில் குழாய்களை அடுக்கி அவர் அறைக்கு எடுத்துப் போவது என் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். ஒரு நாள் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, "எல்லாருக்கும் ஒரு படி ஏறியிருக்கே. ஊர்ல கல்யாண விருந்தா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "சொட்டுக்குழாய் புதுசா?" என்றார். புதுசுதான். பழையது உடைந்துபோனதால் வேறொன்று எடுத்திருந்தேன். அதன் வாய் அகலம். எட்டுச் சொட்டு, பதினொரு சொட்டுக்குச் சமமாக விழுந்திருக்கிறது. அன்று இருபத்திரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்தேன்.

நோயாளியிடம் அவர் கேட்கும் கேள்விகளிலும் ஒரு முறை இருந்தது. என்ன சாப்பிடுகிறாய், எதை நிறுத்தினாய், எதை நிறுத்தவில்லை. மூன்றாவதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பல பேர் அதற்கு முழிப்பார்கள்.

ஏழுமலை அவருக்கு முன்பிருந்த டாக்டர் காலத்திலேயே வந்தவர். ரிஷிவந்தியம் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். மாசி பிறந்தால் மனைவியோடு கல்வராயன் மலைக்கு ஏறிவிடுவார். வெள்ளிமலைக்கு அப்பால் புளிய மரங்களை மொத்தமாகக் குத்தகைக்குப் பிடிப்பார். பணம் முன்னாடியே கட்டியாக வேண்டும். காயை உலுக்கி, காயவைத்து, ஓடு தட்டி, கோடை மழைக்கு முன்னால் கீழே இறக்கிவிட்டால் லாபம். ஈரம் பட்டால் புளி கறுத்துப் போகும், விலை போகாது.

கார்த்திகையில் அவருடைய குழாய் செங்கல் நிறம் காட்டியது. அப்போதிருந்த டாக்டர் குளோர்புரோபமைடு எழுதினார். அந்தக் காலத்தில் சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுத்த மாத்திரை அது. காலையில் ஒன்று போட்டால் போதும். விழுங்கிய மாத்திரை இரண்டு மூன்று நாள் உடம்பில் தங்கி வேலை செய்யும். பிறகு இரண்டு மாதத்துக்குமேல் ஆளைக் காணோம். மாசி முதல் வாரம் வந்தார். குழாய் மறுபடி செங்கல்.

"இன்னாண்ணே, மாத்திரை துன்றீங்களா இல்லியா?" என்று கேட்டேன்.

"நடுவுல வுட்டுட்டேன் தம்பி. மார்கழியில காமாலை வந்துட்சு. கண்ணு, மூத்தரம் அல்லாம் மஞ்சளு. திருக்கோவிலூர் வைத்தியரு கீழாநெல்லி அரைச்சுக் குட்தாரு. பத்தியம் முடியற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து வாயில படக்கூடாதுன்னுட்டாரு. உப்பு இல்ல, புளி இல்ல. புளி யாவாரி நானு, மூணு வாரம் புளி இல்லாமத் துன்னேன்னா பாத்துக்கோயேன்."

"காமாலை போச்சா?"

"போச்சே. கண்ணைப் பாரு."

கண் வெள்ளையாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் காமாலைக்கு வைத்தியரிடம் போவதும், அந்தச் சமயம் மற்ற மருந்தையெல்லாம் விடுவதும் எல்லோரும் செய்கிற காரியம். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கோபம்தான் வந்தது. "சர்க்கரை ஏறிக்கினு போவுது, நீங்க வைத்தியரு சொன்னாருன்னு வுட்டுட்டீங்க. கால் அழுகிப்போச்சுன்னா மரத்துல யாருண்ணே ஏறுவா? என் வார்த்தைக்கு அவ்ளோதான் மதிப்பா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படித்தவன் சொன்னால் கேட்டாக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. "கோச்சுக்காத தம்பி. இனிமே வுட மாட்டேன்" என்றார்.

டாக்டர் கமலவேணி குழாயைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார். நடுவில் காமாலை வந்து போன கதையை ஏழுமலை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது வைத்தியர் சமாச்சாரம், டாக்டருக்கு எதற்கு என்று நினைத்தேன். என் முதல் தவறு அது.

மருத்துவமனை விதிப்படி நோயாளி நேரில் வந்து சிறுநீர் கொடுத்தால்தான் மாத்திரை, அதுவும் பதினான்கு நாளைக்கு மட்டும். மலையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறங்கி வருவது ஏழுமலைக்கு ஆகாத காரியம். ஆகவே இரண்டாம் வாரம் முடிகிற சமயத்தில் கோதண்டத்திடம் போய்க் கேட்டேன்.

"எத்தினி?"

"ரெண்டு மாசத்துக்கு. அறுபது."

"ரிஜிஸ்டர்ல இன்னா எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதீங்க."

"ஒனக்கு இன்னாடா அவன் மாமனா மச்சானா?" என்று சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

காகித உறையில் போட்டு, மேலே சிவப்பு மையில் எழுதினேன்: 'எதை நிறுத்தினாலும் இதை நிறுத்தக் கூடாது.' ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. மலைக்குப் புளி ஏற்றப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்து, படித்துக் காட்டச் சொன்னேன். டிரைவர் திரும்பி வந்து, "ரெண்டு தபா படிச்சுக் காட்னேன். சாமி படம் மாதிரி கண்ணுல ஒத்திக்கினாரு" என்றார். நான் அன்று மிகவும் திருப்தியாகத் தூங்கினேன்.

பங்குனி பாதிக்குமேல் அதே லாரியில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்க மஞ்சள், பழைய பித்தளைச் செம்பின் நிறம். சொறிந்து சொறிந்து கையெல்லாம் கீறல். மலையிலேயே இரண்டாவது தடவை காமாலை கண்டிருக்கிறது. வைத்தியருக்கு ஆள் அனுப்பி கீழாநெல்லி வாங்கி, மூன்று வாரமாக உப்பில்லாக் கஞ்சி மட்டும் குடித்திருக்கிறார். போன தடவை மாதிரி இறங்கவில்லை. நாளுக்கு நாள் ஏறியது.

அவருடைய சிறுநீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. குழாயைக் குலுக்கினால் நுரையும் மஞ்சள். கந்தகப் பொடியை மேலே தூவினேன். சாதாரணச் சிறுநீரில் அது மிதந்துகொண்டிருக்கும். இதில் நேரே அடியில் இறங்கியது. பித்த உப்பு இருக்கிறது என்று அர்த்தம். பேரியம் குளோரைடு கலந்து வடிகட்டி, தாளில் தங்கிய படிவின்மேல் ஒரு சொட்டு ஃபௌஷே கரைசல் விட்டேன். கரும்பச்சை. பித்த நிறமி. கடைசியாக எர்லிக் கரைசல். குடலுக்குள் பித்தம் கொஞ்சமாவது இறங்கினால் சிறுநீரில் இளஞ்சிவப்பு காட்டும். ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தேன். எதுவும் காட்டவில்லை. மலமும் சுண்ணாம்பு நிறம் என்று முனியம்மா சொன்னார். ஆக, பித்தம் குடலுக்குப் போகும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

கல் அடைத்திருக்கலாம், கட்டி அழுத்தலாம். அப்போது எங்கள் பக்கத்தில் ஸ்கேன் என்பதே கிடையாது. சர்க்கரை மாத்திரையும் சிலருக்கு இப்படிச் செய்யும் என்பது டாக்டருக்குத் தெரியும். அதனால்தான் அன்று காலை வார்டில் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏழுமலையின் மருந்து அட்டையைப் பார்த்தார். கடைசியாக மாத்திரை கொடுத்தது மாசி முதல் வாரம், பதினான்கு. எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஏழுமலையும் தீர்ந்துவிட்டது என்கிறார். மாத்திரை நின்ற பிறகும் காமாலை ஏறுகிறது என்றால் காரணம் மாத்திரை இல்லை.

"புதுச்சேரிக்கு அனுப்பணும். வயிற்றைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்று முனியம்மாவிடம் சொன்னார்.

"தொறந்து பாக்க இது இன்னா பூசணிக்காயாங்க?" என்றார் முனியம்மா. பிறகு, "பொழைப்பாராம்மா?" என்று கேட்டார்.

"ஈரல் இந்த நிலைமையில இருக்கும்போது மயக்கம் கொடுக்கறது ஆபத்து. கொடுக்காம வச்சிருந்தாலும் ஆபத்து."

முனியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போது டாக்டர் என் கையிலிருந்த பெனடிக்ட் குழாயை வாங்கிப் பார்த்தார். நீலம். கலப்பில்லாத நீலம். "செங்கல் நிறம் காட்டின ஆளு. மாத்திரையும் இல்லேங்கறார். சர்க்கரை எங்க போச்சு?" என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை. தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

"கஞ்சி மட்டும்தானே குடிச்சாரு. பட்டினியால இருக்கும்மா" என்றேன்.

கேட்காத கேள்விக்கு நானாகக் கொடுத்த பதில் அது. ஏன் கொடுத்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அரசு மருந்தைக் கணக்கில் எழுதாமல் எடுத்து லாரியில் அனுப்பியவன் நான். வெளியே தெரிந்தால் எனக்கும் கோதண்டத்துக்கும் வேலை போகும் என்று நினைத்தேன். இன்னொன்று, மாத்திரையால் ஈரல் கெடும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஏழுமலைக்கு நான் செய்த ஒரே நன்மை அந்த மாத்திரைதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தயாரானது. வண்டிக்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் அவர் கட்டிலைத் தாண்டி நான் போகும்போதெல்லாம் ஏழுமலை கண்ணை மூடிக்கொள்வார். என்னைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் போனேன்.

மூன்றாம் நாள் காலை முனியம்மா ஓடி வந்தார். "இங்க வாயேன் தம்பி. சாராயம் குட்ச்சவன் கணக்கா ஒளர்றாரு. என்னியப் பாத்து யாரும்மா நீன்றாரு." போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வேர்வை, நாக்கு குழறுகிறது. டாக்டர் வந்தார். "முதல்ல ரத்தம் எடு. அப்புறம் ஊசி" என்றார். ரத்தத்தை எடுத்த அடுத்த நொடி குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார். ஊசி பாதி இறங்குவதற்குள் ஏழுமலை கண்ணைத் திறந்து, "இன்னா இவ்ளோ கூட்டம்?" என்றார். அரை மணி கழித்து வெற்றிலை கேட்டார்.

"போற உசுரு வாசல் வரைக்கும் போயி வெத்தலப் பை மறந்துட்டேன்னு திரும்பி வந்துச்சு பாரு" என்றார் முனியம்மா. பிலோமினா சிரித்துவிட்டார்.

ரத்தச் சர்க்கரை முப்பத்தெட்டு என்று வந்தது. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. அன்று மதியத்துக்குள் அவருக்கு மறுபடி வேர்த்தது. மறுபடி குளுக்கோஸ். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவைன்னா பட்டினின்னு சொல்லலாம். ஊசி போட்டும் திரும்ப இறங்குதுன்னா உள்ள ஏதோ இருந்துகிட்டு இறக்குது" என்றார்.

தனியாகப் பேச வேண்டும் என்று நான் டாக்டரைக் கூப்பிட்டு, லாரியில் மாத்திரை அனுப்பியதை நடைபாதையில் வைத்துச் சொன்னேன்.

"எத்தனை மாத்திரை?" என்று கேட்டார்.

"அறுபதும்மா."

"அனுப்பின தேதி?"

சொன்னேன். மார்கழிக் காமாலையைப் பற்றியும் சொன்னேன். வைத்தியர் மற்ற மருந்தை நிறுத்தச் சொன்னதையும், பிறகு நான் திட்டியதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டின்மேல் குறித்தார்: கார்த்திகையில் மாத்திரை. மார்கழியில் காமாலை. மாத்திரை நின்றது, காமாலை போனது. மாசியில் மாத்திரை. பன்னிரண்டு நாளில் காமாலை. மாத்திரை நிற்கவில்லை, காமாலையும் போகவில்லை. சீட்டை மடித்துக்கொண்டு நேரே வார்டுக்குள் போனார்.

"ஏழுமலை, அந்த வெத்தலைப் பையைக் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. முனியம்மாதான் தலையணைக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். சுண்ணாம்பு டப்பாவுக்குக் கீழே என் உறை இருந்தது. டாக்டர் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். முப்பத்தொன்று. அன்று காலை வரை ஒரு நாள்கூட விடவில்லை. உறையின் மேலிருந்த சிவப்பு எழுத்தை வாய்விட்டுப் படித்தார்.

"வைத்தியருக்குத் தெரிஞ்சா மருந்து குடுக்க மாட்டாருங்க. அதான் வெத்தலைக்குள்ள மட்ச்சு வச்சுத் துன்னுக்கினு இருந்தேன்" என்றார் ஏழுமலை. "தம்பி மேல தப்பு இல்லீங்கம்மா. வுட மாட்டேன்னு நான்தான் வாக்கு குட்தேன்."

"அட மனுசா! உப்பில்லாத கஞ்சியை ஆத்தி ஆத்தி ஊத்தனவ நானு. என்னாண்டகூடச் சொல்லலியே" என்று முனியம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

மிகச் சிலருக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் வழியைத் தடுத்துவிடும் என்று டாக்டர் அவர்களுக்குச் சொன்னார். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். அதற்கென்று தனி மருந்து கிடையாது, நிறுத்துவதுதான் மருந்து. "ஆனா நான் நினைக்கறது தப்பாவும் இருக்கலாம். கல்லாவோ கட்டியாவோ இருந்தா நாம காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். பத்து நாள் பார்க்கிறேன். அடைப்பு விடலேன்னா புதுச்சேரிதான். சம்மதமா?"

"நீங்க பாருங்கம்மா" என்றார் முனியம்மா.

உடம்பில் மிச்சமிருந்த மாத்திரை வெளியேறும் வரை இரண்டு நாள் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறியது. இடையில் மணிக்கொரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர். ரத்தம் உறைவது கெட்டுவிடாமல் இருக்க வைட்டமின் கே ஊசி. அரிப்புக்கு மேல்பூச்சு. உப்புப் போட்ட சோறு. முதல் கவளத்தை மென்றுவிட்டு ஏழுமலை, "இதுக்கே பொழைக்கலாம்" என்றார். ஐந்தாம் நாள் பெனடிக்ட் குழாய் பச்சையாகி, ஏழாம் நாள் செங்கலானது. டாக்டர் இன்சுலின் ஊசியைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். இன்சுலின் ஈரலைத் தொந்தரவு செய்யாது என்றார்.

அடைப்பு விட்டதா என்று சொல்ல வேண்டியது என் வேலை. தினம் காலையில் எர்லிக் கரைசலை விட்டு ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான்காம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் இல்லை. எட்டாம் நாளும் இல்லை. அன்று டாக்டர் பழைய கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றி எழுதினார். ஒன்பதாம் நாள் காலை குழாயின் மேல்மட்டத்தில் லேசாக ஓர் இளஞ்சிவப்பு தெரிந்தது. நான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. குழாயை அப்படியே எடுத்துப் போனேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புதுசா இன்னொரு குழாய் போடு. சொட்டை எண்ணிப் போடு" என்றார். போட்டேன். அதுவும் சிவந்தது. கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இரண்டு நாளில் மலம் நிறம் மாறியது. அரிப்பு குறைந்தது. மஞ்சள் முழுதாக இறங்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நடந்ததை நானே என் கையால் எழுதித் தர வேண்டும் என்றார் டாக்டர். எழுதித் தந்தேன். எனக்கும் கோதண்டத்துக்கும் மெமோ வந்தது. வேலை போகவில்லை, ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. லீவு முடிந்து லட்டுப் பொட்டலத்தோடு வந்த கோதண்டம் மெமோவைப் படித்துவிட்டு, "கல்யாணத்துக்கு வராதவன்லாம் மொய் அனுப்புவான். நீ இத்த அனுப்பியிருக்கே" என்றார். லட்டும் கொடுத்தார்.

அதன் பிறகு என் வேலைநாள் முழுவதும், சிறுநீர் வாங்கும்போதே நோயாளியிடம் கேட்டுவிடுவேன்: நாட்டு மருந்தோ இங்கிலீஷ் மருந்தோ என்ன சாப்பிடறீங்க, எதை நிறுத்தினீங்க, எதை நிறுத்தலே. பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்புவேன். எதையும் நிறுத்தாதே என்றோ நிறுத்து என்றோ நான் யாருக்கும் அப்புறம் சொன்னதில்லை. அது என் வேலை அல்ல.

சித்திரையில் ஏழுமலை வீட்டுக்குப் போனார். ஊசிபோட முனியம்மா கற்றுக்கொண்டார். கண்ணாடி ஊசிக் குழலை எப்படிக் கொதிக்கவைப்பது, இன்சுலின் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் எப்படிப் புதைத்து வைப்பது என்று பிலோமினா காட்டினார். அவர்கள் கீழே இருந்த நாட்களில் மலையில் கோடை மழை இரண்டு தடவை பிடித்துவிட்டது. உலுக்கிப் போட்டிருந்த புளி நனைந்தது, மரத்தில் இருந்தது அப்படியே நின்றது.

கிளம்புகிற அன்று முனியம்மா ஆய்வகத்துக்கு வந்தார். "என் தம்பியாண்ட கடன் வாங்கியிருக்கேன். போனா கணக்குக் கேப்பான். நான் சொல்றேன், நீ எழுதிக் கூட்டிக் குடு" என்றார். ஒரு சீட்டின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

"என்னால முடிஞ்சது நானும் கொஞ்சம் தரேன்கா" என்றேன்.

"ஒன்னாண்ட கூட்டித்தான் குடுக்கச் சொன்னேன். எழுதுப்பா."

விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மரக்குத்தகை எழுநூறு. உலுக்கின ஆட்களுக்குக் கூலி நூற்றிருபது. வைத்தியருக்கு இரண்டு தடவையும் சேர்த்து முப்பது. லாரிக்குப் பதினைந்து. ஊசிக்குழல், ஊசி, ஸ்பிரிட் நாற்பத்தைந்து. பஸ், சோறு, காப்பி அறுபத்திரண்டு. கறுத்துப்போன புளியை வந்த விலைக்குத் தள்ளியதில் கிடைத்தது நூற்றெண்பது. அதைக் கழித்துவிடச் சொன்னார். கழித்தேன். இரண்டாம் தடவையும் கூட்டிச் சரிபார்த்தேன்.

எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.